சீசாவுக்கு வந்த பதில்

1948இல் திருவொற்றியூர் எண்ணெய் ஆலை ஒன்றில் எட்டுப் பேரை ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்தினார்கள். சங்கம் அமைத்ததுதான் குற்றம். எட்டுப் பேரில் கருணாகரனுக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். மனு எழுதுவது அவன் பொறுப்பாயிற்று. பத்து மாதத்தில் நான்கு மனுக்கள். ஒவ்வொரு முறையும் தொழிலாளர் அதிகாரியின் ஆபீசுக்கு நடந்தே போய்க் கொடுத்தான். "அய்யா பார்வையில இருக்கு" என்று குமாஸ்தா திருப்பி அனுப்பினார். இதற்கிடையில் சங்க அறையைப் போலீஸ் பூட்டியது. தடுக்கப் போன, எட்டுப் பேரில் ஒருவனான எத்திராஜுக்குத் தடியடியில் இரண்டு பற்கள் போயின.

"இன்னும் எத்தினி தபா எழுதுவே நைனா? அத்த படிக்கறவன் எவனும் அங்க இல்ல" என்றான் எத்திராஜ்.

"வேற இன்னா பண்ண சொல்றே?"

எத்திராஜ் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான்.

திங்கட்கிழமை காலை, புது ஆட்களை ஏற்றிவந்த லாரி ஆலை வாசலில் திரும்பியபோது, எரியும் மண்ணெண்ணெய் சீசா ஒன்று அதற்குள் விழுந்தது. லாரியில் முதலாளி இல்லை, மேஸ்திரி இல்லை. மூலக்கொத்தளத்துப் பட்டம்மாள் இருந்தாள். புருஷன் செத்த பிறகு அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

மறுநாளே தொழிலாளர் அதிகாரி ஆலைக்குக் காரில் வந்து இறங்கினார். கருணாகரனை வரவழைத்து, நாற்காலி போடச் சொன்னார்.

"உங்க குறையைச் சொல்லுங்க. கேட்கத்தான் வந்திருக்கேன்."

"நாலு தபா எழுதிக் குடுத்துகீறேன் சார்."

"அப்படியா? என் கைக்கு ஒண்ணும் வரலையே."

மேஜையை அவர்மேல் கவிழ்த்துவிடலாம் போலிருந்தது கருணாகரனுக்கு. கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டான்.

ஒரே வாரத்தில் ஏழு பேரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தலைமறைவாயிருந்த எத்திராஜை ராயபுரம் கடற்கரையில், கவிழ்த்துப் போட்ட படகுக்குப் பின்னால் கருணாகரன் கண்டான்.

"பாத்தியா? உன் பேனா பண்ணாதத என் சீசா பண்ணிச்சி."

"பட்டம்மா கை?"

"அவ ஏன் அந்த லாரில ஏறுனா?"

"பசில ஏறுனா. நாம மட்டும் எதுக்கு அந்த ஆலைக்குப் போனோம்?"

எத்திராஜ் மணலை ஒரு பிடி அள்ளி வீசினான். பிறகு, "அந்த ஆபீசரு வூட்ல போட்ருக்கணும்" என்றான்.

அது தப்பு என்று கருணாகரனுக்கும் தோன்றவில்லை. அதிகாரிமேல் இருந்த ஆத்திரத்தோடே ஆஸ்பத்திரிக்குப் போனான்.

பட்டம்மாள் கட்டுப்போட்ட கையை மார்போடு வைத்துப் படுத்திருந்தாள். ஆலை ஆள் என்று அவன் சொன்னதும் கேட்டாள்:

"அண்ணே, ஆலைல என் வேல இன்னும் கீதா, இல்லியா?"

அவள் இடத்தில்தான் அவனை எடுத்திருந்தார்கள்.