சமையலறையில் பெய்த அயர்லாந்து மழை

"உம்மட பூட்டன் வெள்ளைக்காரனெண்டால் நான் ரோமாபுரி..."

"வாளியை இஞ்சாலை தள்ளுங்கோப்பா, அரிசிக்கை விழுது!"

"...ராசா! மேலை குழாய் வெடிச்சிட்டுது, அதைப் பாக்காமல்..."

"குழாயிலை தண்ணி வந்தே கனநாள். பிறகு என்னண்டு வெடிக்கும்?"

கோபாலசிங்கம் வாளியைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். அந்தக் கோடையில் இத்தாலியின் பலெர்மோ நகரம் முழுவதும் காய்ந்து கிடந்தது. அவர்கள் குடியிருந்த அல்பெர்கேரியாப் பகுதியின் ஒழுங்கைகளுக்கு முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். ஆனால் அவர்களுடைய சமையலறையில், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவில், மழை பெய்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே கூரைத்தட்டு காய்ந்தே இருந்தது. மெல்லிய, குளிர்ந்த மழை. புகைபிடித்த ஈரமண்ணின் வாசனை அதில் இருந்தது. சற்று முன்தான் அவருடைய மனைவி நாகபூசணி, கிளாஸ்கோ நகரத்துப் பிறப்புப் பதிவு ஒன்றைக் கைபேசியில் கண்டுபிடித்துத் தன் பூட்டனின் பெயரை உரக்க வாசித்திருந்தார்.

நாகபூசணிக்குப் பச்சைக் கண்கள். பள்ளிக்கூடத்தில் பூனைக்கண்ணி என்றார்கள். கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுச் சனம் குசுகுசுத்தது. யாழ்ப்பாணத்துக்கு ரயில்பாதை போட வந்த பீற்றர் மக்கான் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பூட்டன் என்பது மட்டும் தெரியும். அந்தக் கண்கள் எந்த ஊரிலிருந்து வந்தன என்று அறியாமல் சாவதில்லை என்று தீர்மானித்திருந்தார். முதலில் நம் வழக்கப்படி மக்கானைத் தகப்பனின் பெயராக எடுத்து, மக்கான் என்ற ஒருவரை மாதக்கணக்கில் தேடினார். அங்கெல்லாம் தகப்பனுக்கும் மகனுக்கும் பேரனுக்கும் அதே பெயர்தான் கடைசியில் வரும் என்று மகள் சயந்தினி சொன்ன பிறகே பீற்றர் அகப்பட்டார், மழையும் வந்தது.

பிறகு பீற்றரின் பெற்றோருடைய கலியாணப் பதிவு கிடைத்தது. ஸ்கொட்லாந்துக்காரர் பெண்களின் பிறந்த வீட்டுப் பெயரையும் விடாமல் எழுதி வைப்பவர்கள். பெயர்களை வாசிக்க வாசிக்க, தகப்பன் ஜேம்ஸுக்கு ஒரு மழை, தாய் பிரிட்ஜெட்டுக்கு அதைவிடப் பெரிய மழை. ஒழுக்கு என்று சண்டை பிடிக்க ஏறி வந்த கீழ்வீட்டு மொரீசியஸ்காரி போலெத், திரும்பிப் போய் இரண்டு வாளிகளுடன் வந்தாள். வீட்டை விட்டு எழுப்ப வந்த வீட்டுக்காரன் தன் கலனை முன்னுக்கு வைத்தான். பல்லாரோச் சந்தை மீன்காரர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று, "இன்னும் ஒரு நொன்னா! இன்னும் ஒரு நொன்னா!" என்று இன்னொரு பாட்டியைக் கேட்டுக் கத்தினார்கள்.

அடுத்த நொன்னா வரவில்லை. ஜேம்ஸும் பிரிட்ஜெட்டும் கிளாஸ்கோவுக்கு வந்து குடியேறியவர்கள். குடிசனக் கணக்கில் பிரிட்ஜெட் பிறந்த இடம் 'அயர்லாந்து' என்று மட்டும் இருந்தது. எவ்வளவு உரக்கச் சொல்லியும் மழைக்கு அது போதவில்லை. வாளிகள் காய்ந்தன.

"நாடு தெரிஞ்சிட்டுதுதானே, விடும்," என்றார் கோபாலசிங்கம்.

"யாழ்ப்பாணம் எண்டு சொன்னால் நீங்கள் விடுவியளோ? எந்த ஊர், எந்த ஒழுங்கை, ஆற்றை ஆள் எண்டு கேட்டுத்தானே தேத்தண்ணியே குடுப்பியள்!"

பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க நாகபூசணி குவெஸ்தூரா என்ற பொலிஸ் பணிமனைக்குப் போன அன்றுதான் வழி திறந்தது. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அதிகாரி அவர் பிறந்த ஊரை எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார். சொல்லிக்கொண்டிருந்த நாகபூசணி பாதியில் துள்ளி எழுந்து, படியிறங்கும்போதே மகளைக் கூப்பிட்டார்.

"சயந்தினி, திருப்பி அனுப்பலாமோ எண்டு பாக்கிறவன்தான் ஊரை ஒழுங்காய்க் கேப்பான்! பிரிட்ஜெட்டை ஆர் திருப்பி அனுப்பப் பாத்தவங்கள் எண்டு தேடு!"

தேடினார்கள். ஜேம்ஸ் செத்தபின் பிரிட்ஜெட் பிள்ளைகளோடு ஏழைகள் உதவிக்கு விண்ணப்பித்திருந்தாள். உதவி கேட்கும் அயர்லாந்துக்காரரைக் கப்பலேற்றிவிடும் காலம் அது. ஆகவே எழுத்தர் மிகக் கவனமாகக் கேட்டிருந்தார். அயர்லாந்தின் டொனகல் பகுதி, கடலோரம், சின்னஞ்சிறு கிராமம். அவளைத் திருப்பி அனுப்பவில்லை என்றும் கீழே குறித்திருந்தார்.

நாகபூசணி ஊரின் பெயரை வாசித்தார். மழை சமையலறையை நிறைத்து, பால்கனியால் வழிந்து, படிக்கட்டில் இறங்கியது. கடல் மணத்தது. மீன்காரர்கள் தொப்பியில் ஏந்தினார்கள். போலெத் உடுத்த உடுப்போடு நின்று தலை முழுகினாள். அன்றுமுதல் அந்த வீட்டில் குடை அடுப்பருகில்தான் தொங்குகிறது.

நாகபூசணி அண்ணாந்து, பச்சைக் கண்களை மூடாமல் மழைக்குக் கொடுத்தபடி நின்றார். கோபாலசிங்கம் வீட்டிலிருந்த பெரிய அண்டாவை இழுத்து வந்து நடுவில் வைத்தார். அது நிரம்பும்வரைகூட அவருக்குப் பொறுமை இல்லை.

"நாகம், அவவின்ரை தாயின்ரை பேரும் எழுதிக் கிடக்கோ?"