பாதி வால்

கடல் இன்றைக்குக் கொஞ்சம் அழுக்காக இருந்தால்தான் என்ன?

அலைச்சறுக்குப் பலகையின் மேல் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி அப்படித்தான் நினைத்தாள். நினைத்த மறுகணமே வெட்கம் பிடுங்கித் தின்றது. கடலில் குப்பை போடாதீர்கள் என்று ஐந்து வருஷமாகத் தொண்டை கிழியக் கத்துகிறவள் அவள்தான். இப்போது ஒரு நீல மூடி மிதந்து வராதா என்று தவம் கிடக்கிறாள். சிரிப்பும் வந்தது.

எல்லாம் அந்த மீனால். கொட்டகையில் இரண்டு ஆள் நீளத்துக்குப் படுத்திருந்தது. செதிலெல்லாம் பாட்டில் மூடி, துடுப்பெல்லாம் அறுந்த வலை. அலையில் சறுக்கப் போகும்போது கைக்கு அகப்படுவதைத் தவிர வேறெதையும் ஒட்டுவதில்லை என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். வெறுங்கையோடு போவாள், சட்டைக்குள் எதையாவது திணித்துக்கொண்டு வருவாள். நாளைக் காலை மீனைத் துறைமுக அலுவலகத்தின் முன்கூடத்தில் மாட்ட வேண்டும். அவள் கைவேலைக்குக் கிடைத்த முதல் பெரிய இடம். முழுசாக முடிந்தால்தான் எடுத்துக்கொள்வோம் என்று அங்குள்ள அதிகாரி கறாராகச் சொல்லியிருந்தார். நீல மூடி ஒட்ட வேண்டிய வாலில் பாதிதான் முடிந்திருந்தது. கடலோ பத்து நாளாகத் துடைத்து வைத்ததுபோல் கிடந்தது.

அலையொன்று அடியில் வந்து தூக்கியது. யோசனைகள் அப்படியே நின்றுபோயின. இரண்டு தடவை கையால் துழாவிவிட்டு எழுந்து நின்றாள். பலகை வழுக்கிக்கொண்டு ஓடியது. முழங்காலிலிருந்து உச்சிவரை உடம்பு முழுக்கச் சந்தோஷம். அப்போதுதான் கண்ணில் பட்டது, பச்சைத் தண்ணீரில் ஒரு நீலப் பொட்டு. அலையை விட்டுவிட்டுக் குதித்தாள்.

மூடிதான். திருப்பிப் பார்த்தாள். நடுவை விட்டுச் சற்றே விலகி ஒரு சின்ன ஓட்டை. இப்படிக் கோணலாகத் துளை போடும் கை உலகத்தில் ஒன்றுதான் உண்டு, அவளுடையது.

கரையோரம் இடுப்பளவு தண்ணீரில் நின்ற அக்கா சட்டென்று வானத்தை ஆராயத் தொடங்கினாள்.

"அக்கா, இது போன வருஷம் உனக்குச் செஞ்சு குடுத்த ஆமையோட மூடி."

"எல்லா மூடியும் ஒரே மாதிரிதான்டி இருக்கும்."

"கடல்ல பிறந்த மூடி ஓட்டை போட்டுக்கிட்டா வரும்?"

அக்கா வானத்தை விட்டு இறங்கினாள். "ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க. உன் சட்டப்படி கடல்லதானே கிடைக்கணும், கிடைக்கட்டுமேன்னு போட்டேன். ஆமையோட வயித்துப் பக்கம்தான் பிடுங்கினேன். யாரு குனிஞ்சு பாக்கப் போறாங்க?"

"எத்தனை போட்ட?"

"பன்னெண்டு."

"கடலுக்குள்ள பன்னெண்டு பிளாஸ்டிக் மூடி. அதுவும் என் அக்கா."

"திட்டறதை அப்புறம் திட்டு. அதோ ஒண்ணு போகுது, பிடி."

ஒரு மணி நேரம் இருவரும் மூடி துரத்தினார்கள். அலைச் சறுக்கு தெரியாத அக்கா பலகையில் குப்புறப் படுத்து, தவளை மாதிரி காலை உதைத்து, பக்கத்தில் வந்த ஒவ்வொன்றையும் தன் அலையாலேயே விரட்டிவிட்டாள். பதினொன்று கிடைத்தது. பன்னிரண்டாவது அக்காவின் சட்டைப் பையிலேயே இருந்தது, போட மறந்திருக்கிறாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் விலா வலித்தது. பன்னிரண்டும் ஆமைக்கே திரும்பப் போக வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள்.

கொட்டகைக்குத் திரும்பியபோது வாசலில் அதிகாரி நின்றார். காலடியில் ஒரு சாக்குப் பை.

"புத்தம்புது மூடிம்மா, நீலம். இப்பவே ஒட்டிட்டீங்கன்னா சாயங்காலத்துக்குள்ள காஞ்சிடும். யாரு பக்கத்துல வந்து பாக்கப் போறாங்க?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

தங்கை மீனைப் பார்த்தாள். வாலின் மறுபாதியில் கம்பி மட்டும் வளைந்து நின்றது. இரண்டு நாளாக அதைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்று திருப்பவில்லை. பத்து நாள் சுத்தமான கடல் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. இதை ஏன் இத்தனை நாள் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்?

"இப்படியே மாட்டுங்க சார்."

"பாதி வாலோட மாட்டினா மேலதிகாரிங்க கேப்பாங்கம்மா," என்றார் அவர். "மாட்டலைன்னா உங்களுக்குத்தான் நஷ்டம்."

"கேட்டா, கடல்ல குப்பை கிடைக்கலைன்னு சொல்லுங்க சார்."

"மாட்டவே விடலைன்னா?"

"இங்கயே இருக்கட்டும்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சாக்குப் பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"இது வேண்டாம் சார்."