கையால் பேசாத மூன்று மாதங்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பார்கள். உண்மைதான். பிள்ளைகள் இரண்டு விரலால் கண்ணாடி போட்டு, பல்லைக் கடித்துக் காட்டினால் 'ஞானபாக்கியம் டீச்சர்' என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காது கேளாத பிள்ளைகளுக்கான சின்னப் பள்ளி ஒன்றில் பன்னிரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, 1992-ல், முப்பத்தெட்டு வயதில், சம்பளமில்லா விடுப்புப் போட்டுக் கோயம்புத்தூரில் சிறப்புக் கல்வி எம்.எட். சேர்ந்தேன். என்னோடு படித்தவர்கள் எல்லாம் என்னை 'அக்கா' என்றார்கள். இரண்டு பேர் 'ஆன்ட்டி' என்றார்கள். அவர்களோடு நான் பேசுவதில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் படிப்புக்குக் கைதான் எதிரி. காதில் மிஷினை மாட்டு, உதட்டைப் பார், தொண்டையில் கைவைத்து அதிர்வைப் பிடி, வாய்க்கு முன்னால் காகிதத் துண்டு ஆடும்படி 'ப' சொல்லு என்பார்கள். கையால் பேசவிட்டால் பிள்ளைக்கு வாயைத் திறக்கச் சோம்பல் வந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நான் முழுசாக நம்பினேன். ஆய்வேட்டுக்கும் அதையே எடுத்துக்கொண்டேன். வீட்டில் சைகையை நிறுத்தினால் மூன்று மாதத்தில் பேச்சு எவ்வளவு கூடும் என்று பார்க்க வேண்டும். எங்கள் பள்ளியிலேயே ஆறு பிள்ளைகளைப் பொறுக்கி, நவம்பரில் ஆறு தாய்மார்களையும் வரவழைத்தேன்.

"இன்னையிலிருந்து வீட்டுல யாரும் கையை ஆட்டக்கூடாது" என்றேன்.

ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த நூர்பானு மட்டும் எழுந்து நின்றாள். அவள் மகள் சௌதாவுக்கு ஏழு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கும் அப்பா காதரோடு தினமும் பஸ்ஸில் பள்ளிக்கு வருவாள். அம்மாவும் மகளும் கையால் பேசுவதைப் பார்த்தால் நமக்குத்தான் ஏதோ குறை என்று தோன்றும். தாடியைத் தடவினால் அத்தா. மேற்கே மலையைக் காட்டி விரல்களை உதிர்த்தால் மழை. அந்தப் பேச்சை யாரும் அவர்களுக்குக் கற்றுத் தரவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டது அது.

"அவ ஏதாச்சும் கையால கேட்டா, டீச்சர்?"

"பதில் சொல்லாதீங்க. வாயால கேக்குற வரைக்கும் பேசாம இருங்க."

"சரி டீச்சர்" என்று உட்கார்ந்துகொண்டாள்.

மற்ற ஐந்து பேரும் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் இஷ்டம்போலக் கையை ஆட்டினார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவர்கள் பிள்ளைகள் ஒன்றிரண்டு சொல் கூடுதலாகச் சொன்னதோடு சரி. சௌதா பன்னிரண்டு சொல்லிலிருந்து இருபத்தொன்றுக்கு வந்துவிட்டாள். அட்டவணையைப் பார்த்த என் பேராசிரியர் சங்கரலிங்கம் சார், "இந்தப் பிள்ளைதாம்மா உங்க ஆய்வே. வீட்டுக்குப் போய் ஒருநாள் பார்த்து எழுதிட்டா, மார்ச்சுல கொடுத்துரலாம்" என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்துக்குப் போனேன். வீட்டுக்குள் பேண்டேஜ் துணி குவிந்து கிடந்தது. ஃபேக்டரியிலிருந்து வாங்கிவந்து சுருட்டிக் கொடுக்கிற வேலை. நூர்பானு வலது கையில் மணிக்கட்டிலிருந்து விரல்வரை கட்டுப் போட்டிருந்தாள். அந்தக் கட்டோடுதான் சுருட்டிக்கொண்டிருந்தாள். சௌதா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"இது எப்ப இருந்து?" என்று துணிக் குவியலைக் காட்டினேன்.

"நீங்க சொன்ன பொறவுதான் டீச்சர். சும்மா இருந்தா கை அது பாட்டுக்குப் பேசிருது. வேலை கெடந்தா அடங்கிக் கெடக்கும்லா."

நான் அதைப் பாராட்டி எழுதிக்கொண்டேன். 'தாயின் ஒத்துழைப்பு: மிக நன்று.' அந்தத் தாளை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"கையில என்ன, வெட்டிக்கிட்டீங்களா?"

"காயம் ஒண்ணும் இல்ல. இவதான் கட்டிவிட்டா. மொதல்ல ஒரு வாரம் என் கையைப் பிடிச்சு விரலை ஒவ்வொண்ணா விரிச்சு விரிச்சுப் பாத்தா. பொறவு கட்ட ஆரம்பிச்சுட்டா. தெனமும் அவுத்துப் பாத்துட்டுப் புதுசாக் கட்டுதா. வேண்டாம்னா அழுதா."

அம்மாவின் கைக்கு நோவு வந்துவிட்டது என்று பிள்ளை நினைத்திருக்கிறாள். கை குணமானால் அம்மா திரும்பவும் பேசுவாள் என்று, வீட்டில் இருக்கும் துணியை வைத்து அவளே வைத்தியம் பார்த்திருக்கிறாள்.

"இப்ப முன்னமாதிரி ஒண்ணும் கேக்குறதில்ல" என்றாள் நூர்பானு. கட்டின் நுனியை நீவிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். "இன்னும் எம்புட்டு நாளு டீச்சர் நான் இப்படி இருக்கணும்?"

மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுக்கும் வரை, இன்னும் ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். என் வாய்வரை வந்தது. ஒரே மாதம், பிறகு பட்டம். சௌதாவை எடுத்துவிட்டால் என் அட்டவணையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. அவளை எடுத்தேன்; அந்த ஆண்டு எனக்குப் பட்டம் வரவும் இல்லை. மறு ஆண்டு வேறு தலைப்பில் முதலிலிருந்து எழுதினேன்.

"போதும்" என்றேன். "அவுத்துட்டுப் பேசுங்க. வாயாலயும் பேசுங்க, கையாலயும் பேசுங்க."

"அப்ப உங்க பரீட்சை?"

"அது கெடக்கு."

நூர்பானு கட்டை அவிழ்த்தாள். மகளின் தோளைத் தொட்டுத் திருப்பி, கையால் ஏதோ கேட்டாள். மிகச் சின்னக் கேள்வி, 'சாப்பிடுதியா' என்பதுபோல. சௌதா அசையவே இல்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

பல் விழுந்தது, பஸ்ஸில் ஓர் ஆட்டுக்குட்டி வந்தது, பள்ளியில் ஒருத்தி கடித்தது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, அதில் ஒன்று செத்தது. மூன்று மாதத்துச் சேதி அத்தனையும் கொட்டினாள். நூர்பானு சிரித்தாள், அழுதாள், எனக்கு எடுத்துச் சொல்லவும் நடுநடுவே மறந்துபோனாள். நான் பேனாவை மூடிவைத்துவிட்டேன்.

நடுவில் பிள்ளை நிறுத்தி, அம்மாவின் கையைத் தொட்டு ஏதோ கேட்டாள். நூர்பானு என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன கேக்கா?"

"விடுங்க டீச்சர்."

"சொல்லுங்க."

"யாரு என் கையை இப்படிப் பண்ணுனதுன்னு கேக்கா."

நான்தான் என்று நூர்பானு மகளிடம் சொல்ல மாட்டாள் என்று தெரிந்தது. பன்னிரண்டு ஆண்டில் நான் ஒரு பிள்ளையிடமும் கையால் பேசியதில்லை. எழுந்துபோய் சௌதாவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். என் நெஞ்சைத் தொட்டேன். அம்மாவின் கையைக் காட்டினேன். 'தப்பு' என்பதற்கு அவர்கள் வைத்திருந்த சைகையை, பார்த்த ஞாபகத்தில், கோணல்மாணலாகச் செய்தேன்.

சௌதா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து, நீட்டிக்கொண்டிருந்த விரலைச் சரியாக மடக்கிவிட்டு, திரும்பச் சொல்லும்படி காத்திருந்தாள்.

நான் திரும்பச் சொன்னேன்.