ஆமென் சொன்ன நியாயாதிபதி

ஜட்ஜ் தங்கியிருக்கிற பங்களாத் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்று வக்கீல் சாரங்கபாணி ஐயங்கார் கிருபாபாயிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார். அவளும் சொன்ன சொல் தட்டவில்லை. கோர்ட்டுக் கச்சேரிக்குப் போகிற நேர் வழி அந்தப் பங்களாவைத் தாண்டித்தான் போகிறது என்று, ஸ்ரீவில்லிபுத்தூர் வெயிலில் அரை மைல் சுற்றிக்கொண்டு போனாள். அவ்வளவு பயந்து நடந்தவள்தான் கடைசியில் எல்லாவற்றையும் கெடுத்தாள். அவளைக் குற்றம் சொல்ல யாருக்கு வாய் வரும்? அவள் இடத்தில் நின்று பார்த்தால்தானே தெரியும்.

அவள் புருஷன் எலியேசர் ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கிற ஒரு ஜின்னிங் பாக்டரியில் மிஷின் பிட்டராக இருந்தான். வாய் கொஞ்சம் நீளம். முதலாளி ராஜரத்தினம் அவனை வேலையை விட்டு நிறுத்தியபோது, கேட்டு வாசலில் நின்று, "உன்னய பாத்துக்கிடுதேன்" என்று ஊர் கேட்கக் கத்திவிட்டு வந்தான். மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் ராஜரத்தினம் பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குள் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி கிடந்தது. வேறென்ன வேண்டும் போலீசுக்கு? அந்த நேரத்தில் எலியேசர் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். ஊற்றியவள் கிருபாபாய். பெண்டாட்டி சொன்னால் எவன் நம்புவான்!

ராஜரத்தினம் சாதாரண ஆள் இல்லை. அவர் செத்த அன்று ராஜபாளையத்தில் ஒரு கடை திறக்கவில்லை. மதுரைப் பத்திரிகைகள் எலியேசரின் படத்தைப் போட்டு, கீழே கொலைகாரன் என்று விசாரணைக்கு முன்பே எழுதிவிட்டன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், இந்த ஒரு வழக்கை நடத்துவதற்கென்றே மதுரையிலிருந்து செஷன்ஸ் ஜட்ஜ் வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் முகாம் போட்டார். வந்தவர் பெயர் தேவஇரக்கம், அவரும் எலியேசர் மாதிரி கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் ஊர் இன்னொரு விதமாகப் பேச ஆரம்பித்தது.

"ஜட்ஜும் வேதக்காரரு, கைதியும் வேதக்காரன். பொறவு என்ன, மாலையும் கழுத்துமா வெளிய வருவான் பாரு" என்று காப்பிக் கடைகளில் சிரித்தார்கள்.

தேவஇரக்கத்தைப் பார்த்தால் அப்படி ஒன்றும் தெரியவில்லை. முதல் நாளே, விசிறியும் வெற்றிலையுமாக வந்து உட்கார்ந்த பெரிய மனிதர்களைப் பின் பெஞ்சுக்கு அனுப்பினார். எலியேசர் பக்கம் அவர் கண் போகவே இல்லை. "நம்ம ஆளு, ஒரு தடவ ஏறெடுத்துப் பாத்தா என்ன?" என்று கிருபாபாய்க்குக் கோபம்கூட வந்தது.

வெள்ளிக்கிழமைதான் அவர் யார் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்று கூண்டில் ஏறியவள் சண்முகத்தாய், பாக்டரி முற்றத்தில் பருத்தி பொறுக்குகிறவள். எலியேசர் கையில் கம்பியோடு கிட்டங்கியிலிருந்து ஓடியதைப் பார்த்ததாகப் போலீசிடம் சொன்ன ஒரே சாட்சி அவள்தான். சர்க்கார் வக்கீல் கேட்டதற்கெல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி பதில் சொன்னாள். சாரங்கபாணி எழுந்து குறுக்கு விசாரணை ஆரம்பித்ததும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சர்க்கார் வக்கீல், சாட்சியை மிரட்டுகிறார் என்று குதித்தார். கூட்டம் சலசலத்தது.

தேவஇரக்கம் ஒருவரையும் அதட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டு, அவளுக்கு உட்கார ஒரு முக்காலியும் குடிக்கத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னார். பிறகு சும்மா இருந்தார். கச்சேரியில் அத்தனை பேரும் காத்திருக்க, அவள் தண்ணீர் குடித்து, மூக்கைச் சிந்தி, முந்தானையால் முகம் துடைக்கும்வரை ஏதோ தன் வீட்டு முற்றத்தில் இருக்கிறவர் மாதிரி இருந்தார்.

"ஒன்னய இங்க யாரும் ஒண்ணும் செய்ய முடியாதும்மா. நீ பாத்தத மட்டும் சொல்லு, போதும்" என்றார்.

சண்முகத்தாய் வெடித்து அழுதாள். "முதுகத்தான் சாமி பாத்தேன். இருட்டிட்டு வந்துச்சி. முகம் தெரியல. எலியேசர்தானேன்னு ஏட்டையா கேட்டாரு, ஆமான்னுட்டேன்."

கிருபாபாய்க்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. தேவஇரக்கம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் சாரங்கபாணி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "இங்க பாரும்மா, நான் முப்பது வருஷமா கோர்ட்டுக்கு வரேன். இப்படி ஒரு மனுஷன் பெஞ்சுல உக்காந்து நான் பாத்ததில்லே. இன்னும் நாலு நாள். நீ எதுவும் செய்யப்படாது. யாரையும் பார்க்கப்படாது, யாரிட்டயும் சிபாரிசுக்குப் போகப்படாது. வாயைத் திறக்காம ஆத்துல இரு."

"ஆண்டவர்கிட்ட ஜெபம் பண்ணலாம்லா ஐயா?"

"பேஷா பண்ணு. அத யார் வேண்டாம்னா?" என்றார் ஐயங்கார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? பெருமாளுக்கு அர்ச்சனை செய்தால் பெயரையும் நட்சத்திரத்தையும் பட்டரிடம் மெதுவாகச் சொல்வதோடு முடிந்தது. வேதக்காரர் கோயிலில் விண்ணப்பச் சீட்டை எப்படிப் படிப்பார்கள் என்று அவர் கண்டாரா?

கிருபாபாய் அப்போது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சித்தி மகள் வீட்டில் தங்கியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு துண்டுக் காகிதத்தில், "வழக்கில் அகப்பட்டிருக்கும் என் புருஷன் எலியேசர் விடுதலையாகும்படி சபையார் ஜெபிக்கவும்" என்று எழுதி, கோயிலில் ஆராதனை நடத்துகிற உபதேசியார் ஏசுவடியானிடம் கொடுத்தாள். காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் பரீட்சைக்கும் எல்லோரும் கொடுக்கிற சீட்டுதான். பிறந்ததிலிருந்து அவள் பார்த்து வளர்ந்த வழக்கம் அது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் மணி அடித்து ஓய்ந்தபோது தேவஇரக்கம் கோயிலுக்குள் வந்தார். டவாலிச் சேவகன் இல்லை, கோட்டு இல்லை. வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாக ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தார். ஊரில் வேறு கோயில் ஏது, அவரும் எங்கே போவார்? பெண்கள் பக்கம் பாயில் இருந்த கிருபாபாய்க்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்போதாவது எழுந்து ஓடி அந்தச் சீட்டைப் பிடுங்கியிருக்க வேண்டாமா! "ஆண்டவரே கூட்டிட்டு வந்திருக்காரு" என்று நினைத்துக்கொண்டு அவள் கண்ணை மூடினாள்.

ஏசுவடியான் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஜெபம் என்று ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. முன்னால் யார் மண்டியிட்டிருக்கிறார் என்றும் அவர் பார்க்கவில்லை. சீட்டைப் படித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குரலை உயர்த்தினார். "ஆண்டவரே, உமது பிள்ளை எலியேசர் குற்றமற்றவன் என்று நீர் அறிவீர். பொய்ச்சாட்சி சொல்லுகிறவர்களை வெட்கப்படுத்தும். இந்த வழக்கை விசாரிக்கிற நியாயாதிபதியின் மனதை நீரே திருப்பி, அவனை விடுவிக்கச் செய்யும்."

"ஆமென்" என்றது சபை. அதில் ஒரு கனத்த ஆண்குரல் தனியாகக் கேட்டது. ஐம்பது வருஷப் பழக்கம், மனிதர் நினைப்பதற்குள் வாயிலிருந்து வந்துவிட்டது. கிருபாபாய் கண் திறந்து பார்த்தாள். மற்றவர்கள் எழுந்து உட்கார்ந்த பிறகும் தேவஇரக்கம் மண்டியிட்டபடியே இருந்தார். ஆராதனை முடிந்ததும், கைகொடுக்க வந்த ஒருவரையும் பாராமல் வெளியேறினார்.

அன்று அவள் வயிறாரச் சாப்பிட்டாள். எலியேசர் கைதான நாளிலிருந்து அவள் சோறு என்று உண்டது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை கச்சேரி கூடியதும் தேவஇரக்கம் இங்கிலீஷில் ஏதோ பேசினார். சர்க்கார் வக்கீல் எழுந்து தலையை ஆட்டினார். சாரங்கபாணி எழுந்தவர் கெஞ்சுகிற மாதிரி நின்றார். தேவஇரக்கம் மறுபடி பேசினார், எழுந்தார், உள்ளே போய்விட்டார். மொத்தம் பத்து நிமிஷம்கூட இல்லை. எலியேசர் கூண்டில் திருதிருவென்று விழித்தான். வராந்தாவுக்கு வந்த சாரங்கபாணியின் முகம் வெளுத்திருந்தது.

"கோயில்ல சீட்டுக் குடுத்தியா?"

"ஆமாய்யா, ஜெபத்துக்கு."

வக்கீல் தூணில் சாய்ந்துகொண்டார். "போச்சு. எல்லாம் போச்சு. ஜட்ஜ் முன்னால அதைப் படிச்சிருக்கா. அதைத் திறந்த கோர்ட்டுல இவரே சொல்லிட்டார். நீங்களே நடத்துங்கோ, எங்களுக்கு ஆட்சேபம் இல்லேன்னு ரெண்டு பேரும் சொன்னோம். என்ன சொன்னார் தெரியுமா? 'இவனை விட்டா, கோயில்ல வாங்கின தீர்ப்புன்னு ஊர் சொல்லும். தண்டிச்சா, அந்தப் பேச்சுக்குப் பயந்து தண்டிச்சேனான்னு எனக்கே தெரியாது. ஆமென் சொன்னவன் இந்த வழக்குல உட்காரக் கூடாது.' ஹைகோர்ட்டுக்கு எழுதறார். வேற ஜட்ஜ், முதல்லேர்ந்து விசாரணை."

"நான் ஜட்ஜுகிட்டயா கேட்டேன்? ஆண்டவர்கிட்டல்லா கேட்டேன்! ஐயோ, ஆண்டவர்கிட்டல்லா கேட்டேன்!" கிருபாபாய் தலையில் அடித்துக்கொண்டாள். அவளை வராந்தாவிலிருந்து இறக்க இரண்டு சேவகர்கள் வேண்டியிருந்தது.

நான்கு மாதம் கழித்து மதுரையில் விசாரணை மறுபடி தொடங்கியது. புது ஜட்ஜ் கெட்டவர் என்று சொல்ல முடியாது. லஞ்சம் வாங்குகிறவர் இல்லை, யாருக்கும் வேண்டியவர் இல்லை. அவசரக்காரர், அவ்வளவுதான். ஒரு சாட்சிக்கு அரைமணி என்று கணக்கு வைத்திருந்தார். சண்முகத்தாய் கூண்டேறினாள். இந்த நான்கு மாதத்தில் யார் யார் அவள் வீட்டுக்குப் போனார்களோ, என்னென்ன சொன்னார்களோ!

"எலியேசர் முகத்த நல்லாப் பாத்தேன்" என்றாள்.

சாரங்கபாணி பழைய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். "அன்னிக்கி பயத்துல ஒளறிட்டேன்" என்றாள். அவளுக்கு மறுபடி நாக்கு ஒட்டியது. சாரங்கபாணி நிறுத்தி, அவளுக்குத் தண்ணீர் கொடுக்கும்படி கேட்டார்.

"இது தண்ணீர்ப் பந்தல் இல்லை. அடுத்த கேள்வி" என்றார் ஜட்ஜ். கிருபாபாய் பின் பெஞ்சில் தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டு இருந்தாள்.

தூக்கு. ஹைகோர்ட் உறுதி செய்தது. கருணை மனு போன சுவடே இல்லை.

தேதி குறித்த செய்தி வந்த அன்று அவள் யாரிடமும் கேட்காமல் மதுரையில் தேவஇரக்கத்தின் வீட்டுக்குப் போனாள். இனிப் பயப்பட அவளிடம் என்ன மிச்சம்? சேவகன் விரட்டினான். சத்தம் கேட்டு அவரே வெளியே வந்தார். ஒரு வருஷத்தில் மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"நீங்க இங்க வரக் கூடாதும்மா."

"இனி நீங்க அந்த ஜட்ஜ் இல்லய்யா. ஒண்ணு கேக்கேன், சொல்லிருங்க, போயிருதேன். அந்த ஞாயித்துக்கெழம நீங்க கோயிலுக்குள்ள வரும்போது, உங்க மனசுல எம் புருசன் கொலகாரனா?"

அவர் தரையைப் பார்த்தார். "இல்ல" என்றார்.

கிருபாபாய் அப்படியே படியில் விழுந்து அவர் காலைப் பிடித்தாள். "அத ஒரு காயிதத்துல எழுதித் தாங்கய்யா! கவர்னர் துரைக்கு அனுப்புதேன். இன்னும் ஆறு நாள் இருக்கு. ஒரு வரி போதும்யா, ஒரே ஒரு வரி!"

"பாதி வழக்குதான் நான் கேட்டேன். பாதி கேட்டவன் தீர்ப்புச் சொல்லக் கூடாதும்மா. நான் எழுதினா, என் ஜாதி சனத்துக்காக எழுதினேன்னுதான் அதையும் சொல்லுவாங்க. ஒங்களுக்கு அதுனால ஒண்ணும் ஆகாது."

"ஆகாட்டி போகுது! எழுதுங்கய்யா!"

அவர் மாட்டேன் என்று தலையசைத்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை அவள் பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவளுக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

"உங்க மேல ஒரு பேச்சு வரலய்யா. நீங்க சுத்தமா வெளிய போயிட்டீங்க. அதுக்கு எம் புருசன் கழுத்தக் குடுத்துட்டீங்களே! கோயில்ல வாங்கின தீர்ப்புன்னு ஊரு சொன்னா சொல்லிட்டுப் போகட்டுமே! அந்தப் பேச்ச நீங்க தாங்கியிருக்கப்படாதா?"

அவர் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. எழுந்து தெருவில் இறங்கி நடந்தாள்.

ஆறாம் நாள் காலையில் சிறை வாசலில் எலியேசரின் உடலைக் கொடுத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உபதேசியார் ஏசுவடியான் வந்திருந்தார். மாட்டு வண்டியில் உடலை ஏற்றியதும் அவர் தலைப்பாகையைக் கழற்றி, கண்களை மூடி, இரண்டு கைகளையும் உயர்த்தினார்.

"நீதியுள்ள ஆண்டவரே" என்று அவர் ஆரம்பிக்கவும் கிருபாபாய் பாய்ந்து வந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"சத்தமா வேண்டாம்யா. மெள்ளச் சொல்லுங்க. யாரு காதுலயாவது விழுந்துரப் போகுது."