முந்நூறு கம்பளிகள் கிளம்பிப் போன விவரம்

தேசிய நிவாரண அமைப்பின் மூன்றாம் எண் கிடங்கிலிருந்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, முந்நூறு கம்பளிகள் தாமாகவே எழுந்து வெளியே போயின. கதவை யாரும் உடைக்கவில்லை, திறந்துதான் இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பளிகளைப் பிரித்து உதறி வெயிலில் காட்ட வேண்டும் என்பது விதி. அன்று அந்த நாள். முதலில் வந்த சரக்கு முதலில் போக வேண்டும் என்பது இன்னொரு விதி. கம்பளிகள் அதையும் மீறவில்லை. பதினோரு வருடப் பழசு முன்னால், போன வருடத்துச் சரக்கு பின்னால், தெருமுனை வரை வரிசையாகப் போய், அங்கிருந்து ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன. நான்கு கம்பளிகள் மருத்துவமனைப் பேருந்தில் ஏறியதாக நடத்துனர் சொன்னார். டிக்கெட் கேட்கத் தோன்றவில்லையாம்.

கம்பளிகளையும் குறை சொல்ல முடியாது. பதினோரு வருடமாக அந்த வட்டாரத்தில் வெள்ளமில்லை, தீயில்லை, நிலம் ஒரு தடவை தும்மக்கூட இல்லை. அமைப்பின் கையேட்டின்படி ஒரே நாளில் பத்து வீடாவது பாதிக்கப்பட்டால்தான் பேரிடர். ஒன்பது வீடு என்றால் அது வெறும் துரதிருஷ்டம்; அதற்குக் கம்பளி கிடையாது.

கிடங்கின் பொறுப்பாளரை எல்லோரும் ஸ்டோர் அக்கா என்பார்கள். வேலையோடு சேர்ந்தது கிடங்குக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீடு. அதில் அவரும் மாமியாரும். மாமியாருக்குக் கால்கள் நடக்காது. வாய் நன்றாக நடக்கும். “இவள நம்பி ஒரு துணிகூட நிக்காதுன்னு நான் அப்பவே சொன்னேன்” என்றார், செய்தி கேட்டதும். தலைமையகத்திலிருந்து ஆய்வாளர் புதனன்று வந்து இறங்கினார். வெள்ளிக்கிழமைக்குள் முந்நூறும் திரும்பாவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை என்றார்.

“கம்பளி மேல ஏதாவது ஓதினீங்களாம்மா?”

“உதறினேன் சார். அவ்வளவுதான்.”

“உதறினா தூசிதானே போகணும்?”

லாரியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஒரு கம்பளி, எந்நேரமும் நடுங்கும் தையல்காரரின் மடியில் கிடந்தது. ஒன்று, தனக்கு மட்டும் சமைத்துத் தனக்கு மட்டும் பரிமாறிக்கொள்ளும் கணக்கு வாத்தியாரின் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. ஆறு வருடமாகப் பேசாத ஒரு தம்பதி வீட்டுக்கு ஒன்றே ஒன்றுதான் போயிருந்தது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்ததில் பேச்சு வந்துவிட்டது, நல்ல பேச்சு இல்லையென்றாலும். எல்லாமே வர மறுத்தன. நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள். கயிறு கட்டி லாரியால் இழுத்தபோது லாரியின் பம்பர்தான் வந்தது. ஸ்டோர் அக்கா அன்று மாலையே பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். மாமியாரை எதில் கட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வியாழன் விடிந்தபோது லாட்ஜ் அறையில் ஆய்வாளரின் கழுத்து வரை ஒரு கம்பளி போர்த்தியிருந்தது. கால் பக்கம் யாரோ செருகிவிட்டதுபோல் மடங்கியிருந்தது. ஓரத்தில் மூன்றாம் எண் கிடங்கின் முத்திரை. பன்னிரண்டு வருடத்தில் ஒன்பது ஊருக்கு மாற்றலானவர் அவர். தள்ளிப் பார்த்தார், நகரவில்லை. பிறகு தள்ளவில்லை. அன்று ஒன்றரை மணி நேரம் தாமதமாக, வீங்கிய கண்களோடு கிடங்குக்கு வந்தார்.

“அழுதியாப்பா?” என்றார் மாமியார்.

“சளிம்மா.”

“யாருக்குத்தான் இல்ல சளி. உக்காரு, டீ போடச் சொல்றேன்.”

டீயைக் குடித்துவிட்டு, ஆய்வாளர் பேரிடர் அறிவிப்புப் படிவத்தை எடுத்துவரச் சொன்னார். ஒரே நாளில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வீடுகள், மறுநாள் இரவு ஒரு லாட்ஜ் அறை. கையேட்டுக்கு அது தாராளம். வகை என்ற இடத்தில் வெள்ளம், தீ, புயல், நிலநடுக்கம் எல்லாவற்றையும் விட்டு ‘பிற’ என்பதில் குறியிட்டு, பக்கத்தில் ‘சாதாரண நாட்கள்’ என்று எழுதினார்.

ஸ்டோர் அக்கா எட்டிப் பார்த்தார். “ஆரம்பிச்ச தேதின்னு ஒரு கட்டம் இருக்கு சார்.”

“காலியா விடுங்க.”

“முடிஞ்ச தேதி?”

“அதையும்தான். நீங்க முதல்ல அந்தச் சாக்கப் பிரிங்க.”

கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருந்ததால் தலைமையகத்தில் யாரும் படிக்கவில்லை. உடனே நானூறு கம்பளிகளை அனுப்பிவைத்தார்கள். முடிந்த தேதி இல்லாததால், அன்றிலிருந்து வருடா வருடம் சரக்கு வருகிறது. லாரி ஓட்டுநர் இப்போதெல்லாம் கிடங்கு வரை போவதில்லை. சந்தை சிக்னலிலேயே பின்கதவைத் திறந்துவிடுகிறார். கம்பளிகள் இறங்குகின்றன. போக்குவரத்துக் காவலர் இரண்டு பக்கமும் கை காட்டி வண்டிகளை நிறுத்துகிறார். கடைசிக் கம்பளி சாலையைத் தாண்டும் வரை யாரும் ஹாரன் அடிப்பதில்லை.