தெளிந்த பிறகுதான் தூள்

மேலாளர் அன்றைக்குக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் போலக் குதித்தார். ஐந்து மணிக்குப் பிசினை ஏற்றிப்போகப் பெயின்ட் கம்பெனி லாரி வந்துவிடும். பிசினோ கொதிகலனில் இன்னும் பாதி வேக்காட்டில் கிடந்தது. பிசினைக் கெட்டியாக்கும் அமிலத் தூளை உடனே கொட்டச் சொன்னார்.

கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் பெரியக்கா சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஆளிவிதை எண்ணெயும் கிளிசரினும் சூட்டில் முழுதாக இணைந்துவிட்டால், அதன் ஒரு சொட்டு ஸ்பிரிட்டில் கலந்து தண்ணீராகத் தெளிந்து நிற்கும். இது சோப்புத் தண்ணீராகக் கலங்கியிருந்தது. இப்போது தூள் விழுந்தால் அத்தனையும் உள்ளேயே இறுகிவிடும். அப்புறம் யாராவது உளியோடு இறங்கித்தான் வெட்ட வேண்டும். போன வருடம் அப்படி இறங்கியவன் அவள் கூடப்பிறந்த தம்பி. மூன்று நாள் வெட்டினான். இன்றைக்கும் நாலு படி ஏறினால் இருமுகிறான். அன்றைக்கும் கொட்டச் சொல்லி உத்தரவு போட்ட இந்த மகராசனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

தெளியவில்லை, கொட்டக் கூடாது என்றாள். சூடு சரியாக இருக்கிறதே, நீ என்ன பெரிய விஞ்ஞானியா என்றார் அவர். பெரியக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேராகப் போய்த் தூள் மூட்டைகள் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"உனக்கு வேலை போச்சு. எழுந்திரு."

"போகட்டும் சார். வேலை போனவளுக்கு உங்க உத்தரவு எதுக்கு? நான் இங்கதான் இருப்பேன்."

அக்காவைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்கும்படி அங்கேயே வேலை பார்க்கும் தம்பிக்கு உத்தரவு வந்தது. அவன் தலையைச் சொறிந்தான்.

"சின்ன வயசுலேருந்தே முடியல சார்."

மற்ற மூன்று வேலையாட்களும் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தம்பி சொட்டு எடுத்து வந்தான். மூட்டை மேலிருந்தே அவள் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நாலாவது தரம் மேலாளரே குழாயைப் பிடுங்கிப் பார்த்தார். தெளிந்துவிட்டது, கொட்டுங்கள் என்றார். நாலு பேரில் ஒருவர்கூட அசையவில்லை.

"அக்கா, கொட்டலாமா?" என்று கேட்டான் தம்பி.

அவள் குழாயை வாங்கிச் சாய்த்தாள். அடியில் மெல்லிய மூட்டம் இருந்தது.

"இன்னும் இல்ல."

நாலு பேரும் சுவரில் சாய்ந்துகொண்டார்கள். மேலாளர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் குரலை இறக்கி அவளிடமே வந்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"தெளியிற வரைக்கும்," என்றாள் பெரியக்கா.