சாவுக்கு மட்டும் லீவு

டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பரீட்சைத் தாளில் இங்கிலீஷில் எழுதியது எதுவானாலும் மை காய்வதற்குள் நடந்துவிடும். தமிழில் எழுதினால் ஒன்றும் நடக்காது. தமிழுக்கு அங்கே எப்போதும் அவ்வளவுதான் மதிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த வியாகுலம் வாத்தியார் முதல் பரீட்சைக்குப் பசுவைப் பற்றி எழுதச் சொன்னார். படிக்க வந்த ஒருவன் பசுவுக்கு ஐந்து கால் என்று எழுதிவைக்க, மாட்டுப்பட்டியில் நின்ற செவலைக்கு ஐந்தாவது கால் முளைத்தது. பால் கூடுமா என்று மட்டும் சனங்கள் விசாரித்தார்கள். அதன்பிறகு யாருக்கும் கெடுதல் வராத கேள்வியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார் வாத்தியார்.

தேயிலை விலை விழுந்த முப்பத்திரண்டாம் வருஷம் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை கணக்கப்பிள்ளைமாரைக் குறைத்தார். இனிமேல் கங்காணிகள் லீவுக் கடிதத்தை இங்கிலீஷில் தாங்களே எழுத வேண்டும், அதைப் பரீட்சையில் எழுதத் தெரியாதவன் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டும் என்றார். அங்கேதான் வினை. அந்தத் தோட்டத்தில் சாவுக்கு மட்டும்தான் லீவு. கல்யாணத்துக்கும் கிடையாது, காய்ச்சலுக்கும் கிடையாது. அதனால் எல்லோரும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது ஒரே கடிதம்: அம்மா இறந்துவிட்டாள். தொரையின் பைலில் சில அம்மாக்கள் மூன்று தரம் செத்திருந்தார்கள், மலையில் கொழுந்தும் பறித்துக்கொண்டிருந்தார்கள். பரீட்சைத் தாளில் எழுதினால் அந்தச் சலுகை இல்லை.

கேள்வியை மாற்றச் சொல்லி வியாகுலம் கெஞ்சிப் பார்த்தார். தொரை மசியவில்லை. செத்தவர் பெயரும் செல்லாது, இல்லாதவர் பெயரும் செல்லாது, தோட்டத்தில் இருக்கிற ஆளாக இருக்க வேண்டும் என்றுவிட்டார். வாத்தியாருக்கு அழகுமுத்துக் கங்காணியின் நினைவே வந்துகொண்டிருந்தது. எழுதாவிட்டால் நிறைமாத மனைவி மீனம்மாவோடு கப்பல். எழுதினால் அவன் ஆத்தா அழகம்மா போய்விடுவாள். தன் மனைவி சுகிர்தம் போட்ட சோற்றை வாத்தியார் அப்படியே தள்ளிவைத்தார். ஏன் என்று கேட்டவளிடம் பசியில்லை என்றார்.

பரீட்சையன்று கரும்பலகையில் எழுதினார்: உங்கள் வாத்தியார் இறந்துவிட்டார். அடக்கத்துக்குப் போக லீவு கேட்டு எழுதுக.

அழகுமுத்து பேனாவைக் கீழே வைத்தான். "என்னால ஆகாதுங்க வாத்தியாரே. நாங்க கப்பலே ஏறிக்கிறோம்."

"எழுதுங்கண்ணே. ஆத்தா கஞ்சி காச்சிக்கிட்டு உங்களப் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அழுதுகொண்டே எழுதினான். மை காய்வதற்குள் வியாகுலம் மேசையில் தலை சாய்த்துவிட்டார். தொரையே தாள்களைத் திருத்தினார், எல்லோரும் பாஸ். கடிதங்கள் ஒழுங்காக இருந்ததால் அரைநாள் லீவும் கொடுத்தார். அடக்கத்தில் சுகிர்தம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்று கேட்டுக் கேட்டே குரல் இழந்தாள். அழகுமுத்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வாரம் அவனுக்குப் பிள்ளை பிறந்தது.

ஹட்டனிலிருந்து புது வாத்தியார் வந்ததும் சுகிர்தம் வகுப்பில் போய் உட்கார்ந்தாள். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வருஷக்கணக்காகப் படித்தாள். விரல் வெடிக்க எழுதினாள், புரியாமல் அழுதாள், மறுபடியும் வந்தாள். அவள் எழுத்தில் நம்பிக்கை வந்த வருஷம் பரீட்சைக் கேள்வியையும் அவளே புது வாத்தியாருக்குச் சொல்லிக்கொடுத்தாள்: வெளியே போனவரை வீட்டுக்கு அழைத்துக் கடிதம் எழுதுக.

எழுதி முடித்தாள். மை காய்வதற்குள் வியாகுலம் கதவைத் தள்ளிக்கொண்டு பனியில் நனைந்து வந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தாளை வாங்கி, இரண்டு பிழை திருத்தினார். "கூப்பிட இவ்வளவு நாளா?" என்றார். சுகிர்தம் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துவட்டினாள். மற்றவர்கள் குனிந்து தங்கள் தாளை எழுதிக்கொண்டிருந்தார்கள். அவரவருக்கும் அழைக்க ஆள் இருந்தது.